பால்வாடியும் பள்ளியும் மூடினால் குழந்தையை யாரிடம் விடுவது?

போன மாதம் ஓசூரிலிருந்து தங்கை போன் செய்தாள். அவள் பையனுக்கு இரண்டே கால் வயது. எங்கோ புதுக் காய்ச்சல் பரவுகிறது என்று செய்தியில் பார்த்திருக்கிறாள். "அக்கா, மறுபடியும் எல்லாத்தையும் மூடிட்டா இவனை என்ன பண்றது? அப்போ நீ என்ன பண்ணினே?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது நாங்கள் திருப்பூரில் இருந்தோம். மகனுக்கு மூன்று வயது முடிந்து ஒரு மாதம், மகளுக்கு ஒன்பது மாதம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் வேலை. நான் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். பெரிய பிள்ளைகளுக்கு, அதாவது ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, தமிழ்நாட்டில் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல். நர்சரி, எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரி 16-ல்தான். ஏறக்குறைய 23 மாதம். மூன்று வயதில் வீட்டுக்குள் அடைந்த பையன் ஐந்து வயதில் வெளியே வந்தான். ஆரம்பத்தில் எல்லோரும் "இன்னும் பத்து நாள், இன்னும் ஒரு மாதம்" என்று நினைத்துத்தான் முடிவெடுத்தோம். அப்படி எடுத்த முடிவு ஒன்றும் நிலைக்கவில்லை. முடிவு எடுக்கும்போதே ஒரு வருஷத்துக்கு மேல் போகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தங்கைக்கு முதலில் சொன்னது அதைத்தான்.

அந்த 23 மாதத்தில் நாங்கள் நான்கு வழியையும் முயன்று பார்த்துவிட்டோம். நாங்களே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். போனில் வகுப்பு போட்டுக் கொடுத்தோம். ஊருக்கு, மாமனார் மாமியாரிடம் அனுப்பினோம். கடைசியில் மாடி வீட்டோடு சேர்ந்துகொண்டோம்.

எதை வைத்து இவற்றை ஒப்பிடுவது? உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி மூன்றும் சேர்ந்து 2018-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. சின்னக் குழந்தை நன்றாக வளர ஐந்து வேண்டும் என்கிறது அது: உடல்நலம், சத்தான உணவு, பாதுகாப்பு, கற்றுக்கொள்ள வாய்ப்பு, அப்புறம் குழந்தை அழைத்தால் ஏன் என்று கேட்டுப் பதில் தருகிற ஆள். முதல் நான்கையும் எல்லோரும் யோசிப்போம். ஐந்தாவதைத்தான் நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. 23 மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு அதுதான் அளவுகோலாகத் தெரிகிறது. குழந்தை ஒன்று சொன்னால் திருப்பி ஒன்று சொல்ல, அலுத்துப் போகாத ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், போன் வகுப்பைத்தான் முதலில் தள்ளிவிடலாம்.

மகனைச் சேர்த்திருந்த பிளே ஸ்கூலில் ஜூன் மாதம் ஆன்லைன் வகுப்பு தொடங்கினார்கள். தினமும் ஒரு மணி நேரம், மாதம் 1,500 ரூபாய். இரண்டாம் நாள் மிஸ் "எல்லாரும் ஒரு சிவப்புப் பொருள் எடுத்துட்டு வாங்க" என்றார்கள். இவன் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து சிவப்பு லாரியை இழுத்துக்கொண்டு வந்தான். அதற்குள் திரையில் வேறு பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. லாரியைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். "மிஸ்... மிஸ்..." என்று கூப்பிட்டான். எங்கள் பக்கம் ஒலி அடைக்கப்பட்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த போனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், மிஸ் அங்கே இருக்கிறார்களா என்று. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. இருபத்தைந்து சின்ன முகங்களை ஒரு திரையில் வைத்துக்கொண்டு யாரால் என்ன செய்துவிட முடியும்?

அந்த ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) ஆன்லைன் வகுப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, ஒன்றாம் வகுப்புக்குக் கீழ்ப்பட்ட வயதுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் பெற்றோரிடம் பேசி வழிகாட்டத்தான் என்று தெளிவாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஆகவே பணம் கட்டி வகுப்பு வாங்குவதற்குப் பதில், வாரம் இரண்டு முறை அந்த மிஸ் எனக்குப் போன் செய்து இந்த வாரம் என்ன விளையாடலாம் என்று சொல்லியிருந்தால் அதற்குச் சந்தோஷமாகப் பணம் கொடுத்திருப்பேன்.

அடுத்து, நாமே வைத்துப் பார்ப்பது. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். என் மகளுக்கு வெளியுலகம் மூடியதே தெரியாது. தாய்ப்பால், தூக்கம், இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அடுப்படியை வேடிக்கை பார்ப்பது, அவள் உலகம் அவ்வளவுதான். அவள் அப்பா முதன்முதலாகக் குழந்தையைக் குளிப்பாட்டியது அந்த ஏப்ரலில்தான். கம்பெனி மூடியிருந்த இரண்டு மாதமும் காலைக் குளியல் அவர் பொறுப்பு. இன்றைக்கும் அவள் அவரிடம்தான் ஒட்டுகிறாள்.

ஆனால் மூன்று வயதுக்காரனுக்கு இந்த ஏற்பாடு போதவில்லை. வேலை வீட்டுக்கே வந்த பிறகு நான் உடம்பால்தான் வீட்டில் இருந்தேன், மனசு கணினியில் இருந்தது. "இரு தம்பி", "ஒரு நிமிஷம் தம்பி", "அம்மா போன்ல இருக்கேன்ல". ஒரு நாள் முழுக்க அவனிடம் நான் பேசியது இந்த மூன்று வாக்கியம்தான். அவனும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஜூன் கடைசியில் அவன் சிணுங்கலும் சுட்டுதலுமாகக் காரியம் சாதிக்க ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் பயந்து போனோம்.

சமையல், துணி, பாத்திரம் என்று கை வேலையாக இருப்பவர்கள் என்னைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். கை வேலைக்கு நடுவே பேசலாம், வெங்காயம் எண்ணச் சொல்லலாம், கீரை ஆயக் கொடுக்கலாம். கணக்கு வேலைக்கு நடுவே அது நடக்காது. உங்கள் வேலை எந்த மாதிரி என்பதைப் பொறுத்துத்தான் இந்த வழி உங்களுக்குச் சரிவருமா வராதா என்பது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. வீடே அடியும் சண்டையுமாக இருந்தால், "வீட்டிலேயே இருங்கள்" என்ற அறிவுரை குழந்தைக்குத் தண்டனை. அப்படி ஒரு வீடு பக்கத்தில் இருப்பது தெரிந்தால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. நாம் யார் கூப்பிட என்று தயங்கவே வேண்டாம்.

ஜூலையில் மகனை ஊருக்கு அனுப்பினோம். பழனிப் பக்கம் ஒரு கிராமம். "இங்க கொண்டாந்து விடு கண்ணு, ஆடு கன்னுக்குட்டியோட நாள் ஓடிரும்" என்று அத்தை போனில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். மூன்று முறை விண்ணப்பித்துக் கிடைத்தது.

ஊர் அவனுக்கு ஒரு விதத்தில் சொர்க்கம்தான். ஒரு மாதத்தில் ஏழு ஆட்டையும் பெயர் சொல்லி எண்ணினான். மூக்கணாங்கயிறு, தொட்டி, கட்டுத்தறி, வைக்கோல் போர் என்று நாங்கள் சொல்லித்தராத வார்த்தைகளெல்லாம் வாயில் புரண்டன. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஓட்டம். மூன்று, நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது ஆடி ஓட வேண்டும் என்கிறார்கள். திருப்பூர் வாடகை வீட்டின் ஹாலில் அதற்கு எங்கே போவது?

ஆனால் இதில் இரண்டு சிக்கல். மாமனாருக்கு 68 வயது, சர்க்கரை. கொரோனா குழந்தைகளைப் பெரும்பாலும் லேசாகத் தொட்டுவிட்டுப் போனது, பெரியவர்களைத்தான் சாய்த்தது. நகரத்திலிருந்து போகிற குழந்தை எதைக் கொண்டுபோகிறது என்று யாருக்குத் தெரியும்? "14 நாள் தள்ளி இருக்கட்டும்" என்று சொல்வது சுலபம். மூன்று வயதுப் பேரனை மடியில் ஏறாதே என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு வாரம் நாங்கள் தூங்கவில்லை.

இரண்டாவது சிக்கல் அவன் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் இல்லை என்றதும் அந்த வாரமே போய் அழைத்து வந்தோம். ஏழு வாரம் போல் பிரிந்திருந்தான். வந்து பத்து நாள், நான் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தாழ்ப்பாள் இருக்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டே இருப்பான். "அம்மா, இருக்கியா?" என்பான். உள்ளேயிருந்து "இருக்கேன் சாமி" என்பேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றால் மறுபடியும் கேட்பான். ஊரில் அவன் ஒரு நாள்கூட அழவில்லை என்று அத்தை சொன்னது உண்மைதான். அழாமல் உள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.

அதனால் ஊருக்கு அனுப்புவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவோ அப்பாவோ ஒருவர் கூடவே போய்த் தங்க முடிந்தால் போகலாம். அதுவும் ஊரில் நோய் பரவும் முன்பே, முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும். நடுவில் போவதும் வருவதும்தான் ஆபத்து. குழந்தையை மட்டும் தனியாக அனுப்புவதை, வேறு வழியே இல்லாதவர்களைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டேன்.

செப்டம்பரில் மாடி வீட்டு அக்காவிடம் பேசினோம். அவர் வீட்டுக்காரர் பவர் டேபிள், அதாவது பனியன் தைக்கிற மெஷின், ஓட்டுகிறவர். அக்கா கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். வேலை நின்றுவிட்டது. அவர் மகளுக்கு நான்கு வயது. பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை இரண்டு பிள்ளைகளும் மாடியில், சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை என்னிடம். மாதம் 3,000 ரூபாய். அதை உதவி என்று சொல்லாமல் சம்பளம் என்றே பேசிக்கொண்டோம். அப்போதுதான் இரண்டு பக்கமும் கூச்சம் இல்லாமல் கேட்கவும் சொல்லவும் முடியும்.

அக்கா எந்தப் பயிற்சியும் பெற்றவர் இல்லை. அவர் வீட்டில் பொம்மையும் கிடையாது. நூல் தீர்ந்த காலிக் கோன்கள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. வெள்ளை, மஞ்சள், பச்சை. ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து அடுக்கிக் கோபுரம் கட்டுவார்கள். "மஞ்சளுக்கு மேல பச்சை வை. எத்தனை ஆச்சு? இன்னொண்ணு வெச்சா விழுமா, நிக்குமா?" என்று அக்கா அரிசி களைந்துகொண்டே கேட்பார். விழுந்தால் இரண்டும் உருண்டு சிரிக்கும். கட்டிங் வேஸ்ட் துணியில் கலர் பிரித்து மூட்டை கட்டுவார்கள். பட்டன் மட்டும் கீழே வரவே கூடாது என்பது என் நிபந்தனை, வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்ததால். மூன்றே வாரத்தில் என் மகன் "நான் சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்து முழுக் கதையாகப் பேச ஆரம்பித்தான். அதைவிடப் பெரிய விஷயம், ஒற்றை மூன்று சக்கர வண்டிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டு, அப்புறம் ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் தள்ள என்று அவர்களே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வளர்ந்தவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் அது நடந்திருக்காது.

இந்த வழிக்கு ஒழுங்கு முக்கியம். இரண்டே வீடு, மூன்றாவது கிடையாது. எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே போவது ஒரே ஆள். பிள்ளைகள் இருக்கும் நேரம் ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், முடிந்தவரை மொட்டை மாடியில்தான் விளையாட்டு. ஐந்து வயதுவரை முகக்கவசம் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டதால் அதைப் போட்டுப் படுத்தவில்லை. 2021-ல் நம் மத்திய சுகாதாரத் துறையும் அதையே சொன்னது. யாருக்குக் காய்ச்சல், தொண்டை வலி என்றாலும் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். இது ஒன்றுதான் கடினம். நோயை மறைப்பது அப்போது ஊர்ப் பழக்கமாகவே இருந்தது, தெருவில் தகரம் அடித்துவிடுவார்களே என்று. நவம்பரில் ஒரு காலை அக்காவின் வீட்டுக்காரருக்குக் காபி வாசனை தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் அக்கா படிக்கட்டின் மேலே நின்று, "கண்ணு, இன்னைக்குப் பையனை அனுப்பாதே, எங்க வீட்டுல வந்திருச்சு போல" என்றார். அந்த நேர்மைக்கு நான் என்ன கைம்மாறு செய்ய? இரண்டு வாரம் பிள்ளைகள் மாடிப்படி வளைவிலிருந்து கை ஆட்டிக்கொண்டார்கள்.

இதன் பலவீனமும் எனக்குத் தெரியும். 2021 மே மாதம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்தில் கொரோனா வந்தது. அதுவரை, எங்களுக்கு ஏதாவது என்றால் பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தோம். முடியவில்லை. எங்களோடு ஒரே பாயில் படுத்த பிள்ளைகளை இன்னொரு வீட்டுக்கு எப்படி அனுப்புவது? முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்தேன். பாலை நிறுத்தத் தேவையில்லை என்பது நர்ஸ் அக்கா சொல்லி ஏற்கெனவே தெரியும். மூன்று வேளையும் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டு, இரவில் வீடியோ காலில் மகனுக்குக் கதை சொன்னார் மாடி அக்கா. போன் அவனுக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான். திரையில் இருந்தவர் அவனுக்குத் தெரிந்தவர், அவன் கேட்டதற்குப் பதில் சொன்னவர்.

சரி, இரண்டு முதல் ஐந்து வயதுவரை மாடி வீட்டு வழிதான் என் முதல் தேர்வு. ஆனால் தங்கையிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். அடுத்து வரும் நோய் கொரோனா மாதிரியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1918 காய்ச்சலில் இளவயதுக்காரர்கள் ஏராளமாகச் செத்தார்கள். 2009 பன்றிக் காய்ச்சலில் முதியவர்களைவிடச் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும்தான் அதிகம் தொற்றியது. போலியோ முக்கியமாகத் தாக்கியது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத்தான். ஆக முதல் கேள்வி, இது யாரைத் தாக்குகிறது என்பது. குழந்தைகளைத் தாக்குகிற நோய் என்றால் என் வரிசை அப்படியே மாறிவிடும். அப்போது நம் வீடுதான் முதலில், அம்மாவோ அப்பாவோ வேலையைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. பெரியவர்களை விட்டுவைக்கிற நோய் என்றால் தாத்தா பாட்டி வீடு மேலே வரும்.

எந்த வழியை எடுத்தாலும் விடக் கூடாதது தடுப்பூசி. மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வேண்டிய வாரத்தில் ஊரடங்கு வந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயந்தேன். அது 12 மாதத்துக்குள் போட வேண்டிய ஊசி என்பது அட்டையில் இருந்ததால், மே கடைசியில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் முதல் ஆளாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தோம். 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் 2.3 கோடிக் குழந்தைகள் வழக்கமான தடுப்பூசிகளைத் தவறவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கணக்குச் சொன்னபோது, பயத்தில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அதில் என் மகளும் ஒருத்தியாக இருந்திருப்பாள் என்றுதான் தோன்றியது.

சாப்பாடும் அப்படித்தான். பால்வாடி மூடியிருந்தாலும் அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு வீட்டுக்கு வந்தது. பால்வாடியில் சமைத்துப் போடும்போது அந்த முட்டை அந்தக் குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகும். வீட்டுக்கு வந்துவிட்டால் ஐந்து பேருக்கான குழம்பில் விழும். வேலை போன வீட்டில் அதைத் தப்பு என்று யார் சொல்வது? மாடி அக்காவிடம் பிள்ளைகளை விட்ட பிறகு, பதினொரு மணிக்கு இரண்டு பிள்ளைக்கும் முட்டை என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டோம். நேரம் வைத்ததால் அது நடந்தது.

எழுத்து, எண் பற்றி நான் ரொம்பக் கவலைப்பட்டேன். இப்போது அவ்வளவு படமாட்டேன். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பள்ளி மூடியதால் நிறையவே பின்தங்கியிருந்தார்கள். ஆனால் திறந்த ஆறே மாதத்தில் அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அப்படிச் சரியானதில் கிட்டத்தட்ட கால் பங்கு, தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத் தன்னார்வலர்களின் மாலை வகுப்பால் வந்தது. தெருவுக்குள் ஒரு திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்த அந்தப் பெண்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அது ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கியது. என் மகன் வயதுக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று அப்போது ஏங்கியிருக்கிறேன். மாடி வீட்டில் அதைத்தான் சின்ன அளவில் நாங்களாகச் செய்துகொண்டோம்.

இதையெல்லாம் தங்கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன் போட்டுச் சொன்னேன். அவள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள், மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போகிறவர். "எதிர் வீட்டுல மூணு வயசுப் பாப்பா இருக்குக்கா. அந்த அம்மா தங்கமானவங்க. ஆனா அவங்க மாமியாரும் கூடத்தான் இருக்காங்க, எழுபது வயசு, வீசிங் வேற" என்றாள். பெரியவர்களைத் தாக்குகிற நோய் என்றால் அந்த வீடு சரிப்படாது. இரண்டு தெரு தள்ளி இன்னொரு குழந்தை இருக்கிறதாம். இந்த வாரம் பூங்காவில் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.